மைக்கு அடியில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாளை உங்கள் சாப்பாட்டுப் பையில் இது இருக்கும். ரயிலை ஓட்டும்போது படிக்காதீர்கள். ஈரோட்டில் இறங்கியபின் படியுங்கள்.

அம்மா தூங்குகிறாள். சாயங்காலம் என் பின்னலைத் தூக்கிக் காட்டி, "அஞ்சு வயசுல மொட்டத்தலையா கெடந்தவளா இவ?" என்று பக்கத்து வீட்டு அல்போன்சா அக்காவிடம் பெருமையடித்தாள். "மொதல்ல நீ கண்ணு வைக்காம இரு" என்றார் அக்கா. நானும் சிரித்தேன்.

சிகிச்சை முடிந்ததிலிருந்து அம்மா தினமும் என் இடது காதுக்குப் பின்னால் திருஷ்டி மை வைக்கிறாள். போன வாரம் தலைக்குக் குளித்தபோது எவ்வளவு தேய்த்தும் ஒரு புள்ளி போகவில்லை. இரண்டு கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். மிளகளவு, கறுப்பாக, மேடாக இருக்கிறது.

ரத்தப் புற்றுநோய்க்காகத் தலையில் கதிர்வீச்சு கொடுத்த இடத்தில், பிற்காலத்தில் தோலிலும் புற்றுநோய் வரலாம் என்று டாக்டர் சொன்னாரே. புதிதாக எது தெரிந்தாலும் உடனே காட்டினால் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். நீங்கள்தான் டைரியில் எழுதி வைத்தீர்கள்.

வெறும் மச்சமாகவும் இருக்கலாம். ஆனாலும் பயமாக இருக்கிறது அப்பா. தான் வைத்த மைதான் அதை மறைத்தது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்பது அதைவிடப் பயம். வந்ததும் என்னைத் தில்லைநகருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவிடம் பிறகு சேர்ந்தே சொல்வோம்.

இன்று காலை மையை உள்ளங்காலில் வைக்கச் சொன்னேன். "கைக்கொழந்தைக்குத்தாண்டி அங்க வைப்பாங்க" என்று கேலி செய்துகொண்டே என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நான் காலை எடுக்கவில்லை.

உங்கள்
கடைக்குட்டி