ரோட்டு முனியாகிவிட்ட மாப்பிள்ளைக்கு

என் அருமை மாப்பிள்ளை காத்தமுத்து,

நீ போன இடத்தில் பனிமூட்டம் உண்டா? இல்லையென்றால் அங்கேயே இரு. இங்கே பொகவந்தலாவை ரோட்டில் உச்சிப் பொழுதிலேயே எதிரில் வருவது பஸ்ஸா எருமையா என்று தெரியவில்லை.

முதலில் நல்ல சேதி. நீ சாமியாகிவிட்டாய். சிரிக்காதே. உயிரோடு இருந்தவரை ஒருத்தனும் உனக்கு வழிவிட்டதில்லை. இப்போது லொறிக்காரனெல்லாம் இறங்கி உனக்குச் சூடம் கொளுத்துகிறான்.

எப்படி என்று கேள். அன்றைக்கு வளைவில் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்று பழுதாகிப் படுத்துவிட்டது. ரோட்டு வேலையில் நின்ற உன்னை அதைத் தள்ளக் கூப்பிட்டார்கள். நீ முறை தவறாமல் ரோட்டின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் மரக்கொப்பு ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் லொறிக்குத் தோள் கொடுத்தாய். மலையில் வண்டி நின்றால் அதுதானே வழக்கம்? ரோட்டில் கொப்பைக் கண்டால் வருகிறவன் பிரேக்கை மிதிப்பான்.

ஆனால் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பிய பெண்களுக்கு அது விறகாகத்தான் தெரிந்தது. மழைக்காலத்தில் ரோட்டில் கிடக்கிற விறகை யார் விட்டுவிட்டுப் போவார்கள்? அடுப்புக்கு மேலே காயப் போட்டால் ஆச்சு என்று தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னால் வந்த பஸ்ஸுக்கு உன்னைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

அந்தக் கொப்பு யார் வீட்டில் எரிந்தது? உன் சாவு வீட்டுக்குப் பக்கத்து லயத்துக் காம்பராக்களிலிருந்து வந்த சோறு அதில்தான் வெந்ததோ? யாரிடம் போய்க் கேட்பேன்? எல்லாரும் நம்ம ஆட்கள்.

அப்புறம் ரோட்டு வேலையைக் குத்தகை எடுத்த கொந்தராத்துக்காரர் பெரிய மனசு பண்ணி, உன் வேலையை உன் பெண்சாதிக்கே கொடுத்தார். ஆமாம், என் தங்கச்சி பேச்சி அதே வளைவில் கல்லுக்கூடையோடு நிற்கிறாள்.

நான் ஓவர்சியரிடம் போனேன். "ஐயா, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆளு செவப்புத் துணியோட நின்னாப் போதுங்க" என்றேன்.

"நிக்கிறவனுக்குச் சம்பளம் ஒங்கப்பனா குடுப்பான்?"

என் அப்பனுக்கு அவ்வளவு வசதி இருந்திருந்தால் நான் ஏன் பஜாரில் தையல் மெஷினை மிதிக்கிறேன்?

சரி, தையற்காரனால் ஆனதைச் செய்வோம் என்று பாவாடை தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியை மூங்கிலில் கட்டி, வளைவில் நட்டேன். கொப்பென்றால் எடுத்துப் போவார்கள், துணியை யார் அடுப்பில் வைப்பார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

கொஞ்ச நாளில் பார்த்தால் கம்படியில் எலுமிச்சம்பழம், குங்குமம். ஆள் செத்த இடத்தில் சிவப்புத் துணி பறந்தால் நம்ம சனம் வேறென்ன நினைக்கும்? உனக்கு ரோட்டு முனி என்று பேரும் வைத்தாச்சு. பக்கத்துக் கடை காசிம் நானாவுக்குத் தேங்காய் வியாபாரம் ஓகோ. "ஒங்க மாப்புள பரக்கத்தான மனுசன் தம்பி" என்கிறார்.

ஆனால் மாப்பிள்ளை, கும்பிடுகிற வண்டியெல்லாம் வளைவிலேயே அல்லவா நிற்கிறது?

போன வாரம் ஒரு பஸ் உனக்குச் சூடம் காட்ட நின்றது. பின்னால் வந்த லொறி பிரேக் அடித்து வழுக்கி, பேச்சி அப்போதுதான் இறக்கி வைத்த கூடையை நசுக்கிவிட்டு மண்திட்டில் முட்டி நின்றது. டிரைவர் ஒரு சிங்களப் பையன். இறங்கி, "இங்க தெய்யோ இருக்கு தானே, அதுதான் ஆள் சாகல்ல" என்று அவனும் உன்னைக் கும்பிட்டான்.

பேச்சி நேரே என் கடைக்கு வந்தாள். மழைக்குப் போர்த்திய கம்பளியெல்லாம் சேறு. "அண்ணே, அவரு என்னையும் கூப்புடுறாரா?" என்றாள்.

ஊரைச் சிரிக்க வைத்தே காலம் தள்ளிய நான் அவள் கம்பளியை வாங்கிச் சேற்றை உதறிக் காயப் போட்டேன்.

மறுநாள் கம்பைப் பிடுங்கப் போனேன். பேச்சியோடு கல் சுமக்கிற மாரியாயி, "சாமியப் புடுங்குனா கை வெளங்காது!" என்று கத்தினாள். தையற்காரனிடம் கையைப் பற்றிச் சொன்னால் பயம் வராதா? அதனால் சாமி வந்தவன்போல் ஆடினேன். சாமியாடிகளைக் கேலி பண்ணித் திரிந்த இதே நான்தான், நடுரோட்டில், தொப்பை குலுங்க, வேட்டி நழுவ. "இந்த மூலையில எனக்கு மூச்சு முட்டுதுடா! மேல நேர் ரோட்டுக்குத் தூக்குங்கடா!"

"என்னாடி இது, முனி தையக்கார அண்ணன் மாதிரியே எளைக்குது?" என்றாள் மாரியாயி. ஆனாலும் தூக்கிவிட்டார்கள்.

இப்போது மேலிருந்து வருகிறவர்கள் உன்னைத் தூரத்திலேயே கண்டு, நேர் ரோட்டில் ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டு மெதுவாக இறங்குகிறார்கள். கீழிருந்து வருகிறவர்களுக்கு? அங்கே இன்னொரு கம்பு நட்டேன். "ஒரு முனிக்கு ரெண்டு கோயிலா?" என்று பிடுங்கி எறிந்துவிட்டார்கள். மறுபடி ஆடினால் அடிதான் விழும்.

அந்தப் பக்கத்துக்குச் சாமியும் இல்லை, சர்க்காரும் இல்லை. தோட்டத்துத் தமிழன் மனு கொண்டுபோனால், "முதலில் நீ இந்த நாட்டு ஆளா?" என்கிறார்கள். பஸ் சக்கரம் அதைக் கேட்டுக்கொண்டா ஏறுகிறது?

எனக்கு முடியவில்லை, மாப்பிள்ளை. எங்கேயோ ஹாரன் அடித்தால் ஊசி என் விரலில் ஏறுகிறது. நேற்றும் கீழ்ப்பக்கம் ஒரு லொறி படுத்துவிட்டது. தள்ளப் போனவர்களில் பேச்சியும் ஒருத்தி.

அதனால் ஊரறியச் சொல்கிறேன். நாளையிலிருந்து கடை பூட்டு. வளைவில் வேலை நடக்கிற நாளெல்லாம் கீழ்ப்பக்கத்தில் நானே சிவப்புத் துணியோடு நிற்பேன். வண்டி ஏதும் படுத்தால் அது நகர்கிறவரை நிற்பேன். பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும். பைத்தியத்தைக் கண்டாலும் டிரைவர் பிரேக் பிடிப்பான்.

மேல்பக்கத்தை நீ பார்த்துக்கொள். பேச்சி வீடு வந்து சேர வேண்டும்.

தங்கச்சியின் தாலியைக் காக்க முடியாமல், தங்கச்சியையாவது காக்கக் கிடந்து தவிக்கும்
உன் மச்சான்
சுப்பையா