மக்ரிபுக்கு முன் புறப்பட்ட ரயில்

துபாயில் இந்த மாதம் ரயில் விட்டிருக்கிறார்கள், தெரியுமா? ஓட்டுவதற்கு ஆளே இல்லாத ரயில். நாம் வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் ரயில் என்ற ஒன்றே கிடையாது. வெள்ளிக்கிழமை கராமாவில் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மகனுக்கு வேடிக்கை காட்டலாம் என்று அவரும் நானும் அதில் ஏறினோம். கதவு மூடப்போகிறது என்று மணி அடித்தது. அடித்ததுதான் தெரியும், என் வலது கை தானாக நீண்டு பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. முன்பின் தெரியாத பிலிப்பினோப் பெண். பயந்துபோய் என்னைப் பார்த்தாள். சாரி சொல்லிக் கையை எடுத்தேன். என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, கால் தடுமாறிவிட்டது என்றேன்.

ஷார்ஜாவில் முவைலா வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து, உன் சிவப்பு ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதற்கு நேற்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

புஜைராவில் அந்தப் பெரிய வீட்டில் நாம் இருவரும் ஹோம் நர்ஸ். நீ குளச்சல், நான் முட்டம். வீட்டுக்காரக் கிழவியை அங்கே மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். "எங்க ஊரு மாமாவுக்கு மீசை உண்டு" என்று சொல்லிச் சொல்லி நீ சிரிப்பாய். அந்த மாமாவுக்கு முட்டு ஆபரேஷன் என்று மியூனிக் நகரத்துக்கு வீடே கிளம்பியது. மகன்கள், மருமகள்கள், சமையல்காரர், அரிசி மூட்டை, மருந்துப் பெட்டியோடு நாம். ஆறு வாரத்தில் நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு.

அன்று காலையில் செகரட்டரி பாய் நம் பாஸ்போர்ட்டை நம் கையில் கொடுத்தார். வழியில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டுமாம். ஏர்போர்ட்டில் தவிர நாம் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "தோனோ ஸாத் ஜானா, தோனோ ஸாத் ஆனா" என்று விரலை ஆட்டிச் சொன்னார். சேர்ந்து போய்ச் சேர்ந்து வர வேண்டும். ஒருத்தி மட்டும் திரும்பி வந்தால் அவளுக்கு ரிலீஸ் மாஃபி, வேலை கலாஸ். ரிலீஸும் கிடையாது, வேலையும் போச்சு. அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அந்தப் பயணம் முடிந்ததும், வேறு இடத்தில் வேலைக்குச் சேர எனக்கு ரிலீஸ் பேப்பர் தருவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தாள். ஷார்ஜாவில் கிளினிக் வேலை காத்திருந்தது. கல்யாணமாகி எட்டு மாதமே சேர்ந்திருந்த அவரை அழைத்துக்கொள்ளலாம். நான் அந்தக் காகிதத்தை நினைத்துக்கொண்டே தூங்கி, அதை நினைத்துக்கொண்டே எழுந்துகொண்டிருந்த காலம் அது.

கட்டிலில் படுத்தபடி மாமாவும் தன் பங்குக்குச் சொன்னாள், மக்ரிபுக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று. புஜைரா நினைப்பில் சொன்னாள். அங்கே பொழுது விழுந்து மக்ரிப் பாங்கு சொல்வது ஏழு மணி வாக்கில். லிஃப்டில் இறங்கும்போது நீ என் காதில் சொன்னாய்: "ஏட்டி, சுவத்துல தொங்குத தொழுகை நேரத்தப் பாத்தியா? இங்க மக்ரிப் ஒம்பதே காலுக்காக்கும்!" அதற்காக நீ குதித்த குதியில் லிஃப்டே ஆடியது. உன் தோளில் பெரிய பை. எதற்கு இவ்வளவு பெரிய பை என்று கேட்டேன். மழை வருமாம் என்றாய். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

முதலில் மாதா கோவில். இரட்டைக் கோபுரம் வைத்த அந்தப் பெரிய ஆலயத்தின் வாசலில் நாம் இரண்டு பேரும் என்ன செய்தோம்? ஒரு வார்த்தை பேசாமல், ஊரில் செய்வதுபோல டூட்டி ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனோம். உள்ளே வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஷூவோடு நடந்தார்கள், நம் காலைப் பார்த்தார்கள். "பாவம், இவனுவளுக்கு ஒரு மருவாதயும் தெரியல்ல" என்றாய் நீ. நுழைந்ததும் தரைக்கல்லில் ஒரு காலடித் தடம் இருந்தது. சாத்தான் மிதித்த தடம் என்று அங்கே கதை சொல்கிறார்கள். நீ உன் வெறுங்காலை அதற்குள் வைத்துப் பார்த்தாய். "சாத்தானுக்கும் எனக்கும் ஒரே அளவுட்டி" என்றாய். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அதன் பிறகு நீ முன்வரிசையில் முழங்காலிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. ஊரில் விட்டுவந்த உன் பிள்ளைக்காக வேண்டுகிறாய் என்று நினைத்தேன். பிள்ளைக்காகத்தான்.

வெளியே வந்தால் ஷூ இல்லை. இரண்டு ஜோடியும் போயிருந்தது. யாராவது எடுத்தார்களோ, பெருக்குகிறவன் குப்பை என்று நினைத்துவிட்டானோ. எனக்கு அழுகை வந்தது. உனக்குச் சிரிப்பு வந்தது. கோவில் வாசலில் செருப்புப் போனால் பீடை போச்சு என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனாய். கடைக்கு வெளியே கூடையில் கொட்டி விற்ற ஷூக்களில் ஒரே மாதிரி சிவப்புத் துணி ஷூ இரண்டு ஜோடி எடுத்தோம். உன்னுடையது கொஞ்சம் இறுக்கம். நடக்க நடக்கச் சரியாகும் என்றாய்.

அந்தப் பகல் முழுவதும் எனக்குப் படம் படமாக இருக்கிறது. நகரசபைக் கோபுரத்தில் மணி அடித்ததும் பொம்மைகள் சுற்றிச் சுற்றி ஆடியதை நீ வாயைத் திறந்துகொண்டு பார்த்தாய். பெரிய பூங்காவில் ஆற்றோரம் ஆணும் பெண்ணும் ஒட்டுத் துணி இல்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். "டூட்டியில பாக்காததையா பாத்துட்ட? அந்தாளுக்குக் குடலிறக்கம் இருக்கு, பாரு" என்று நீ சொன்னபோது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கேமராவில் இருந்த பிலிம் முழுவதையும் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிட்டோம். அதில் ஒரு படத்திலும் நீ சிரிக்கவில்லை என்று பிரிண்ட் போட்ட பிறகுதான் கவனித்தேன்.

சாயங்காலம் எங்கே போவது என்பதில் நீ பிடிவாதமாக இருந்தாய். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மரத்தடியில் பெஞ்சு போட்ட பீர்த் தோட்டம். எட்டு மணிக்கும் வெயில் மஞ்சளாக அடித்தது. ஊரே அங்கே கூடியிருந்தது போல இருந்தது. கிளார்னெட்டும் பெரிய குழலும் ஊதினார்கள், கிழவன் கிழவிகள் கைகோத்து ஆடினார்கள். லெமனேட் கலந்த பீர் ஒரு கிளாஸ் வாங்கி நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தோம். புஜைராவிலிருந்து நம்மைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்!

அங்கேதான் நீ சொன்னாய். "எனக்க பிள்ள நேத்து போன்ல என்னைய ஆன்ட்டின்னு விளிச்சாட்டி."

சின்னப் பிள்ளைதானே, நாலு வயசுதானே என்றேன்.

"நாலு வயசுல மூணு வருசம் நான் கூட இல்ல. இந்த விசால அவள ஒருநாளும் கொண்டுவர முடியாது. எனக்க பெரியம்மைக்க மவ இத்தாலியில இருக்கால்லா? அவ பிள்ளையக் கொண்டுவந்துட்டா. ஒம்பது மணிக்கு அங்க போற ரயில் இருக்கு. டிக்கெட்டு கையில இருக்கு. நாளைக்குக் காலத்த அவ ஸ்டேஷன்ல வந்து நிப்பா."

பையைத் தொட்டுக் காட்டினாய். மழைக்கு எடுத்துவந்த பை.

"நீ ஒண்ணும் அறியல்லன்னு சொல்லு. பாத்ரூம் போனவ வரல்லன்னு சொல்லு, என்னா?"

நான் உன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "அப்பம் எனக்க ரிலீஸ்?"

அந்த நேரம் பார்த்து, தோல் கால்சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்து குனிந்து உன் முன்னால் கை நீட்டினார். நீ எழுந்து போய் ஆடினாய். ஆடத் தெரியாமல், அவர் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் ஆடினாய். திரும்பி வந்து, மூச்சு வாங்க, பையை எடுத்துத் தோளில் மாட்டினாய். "பாத்ரூம் போய்ட்டு வாரேன்" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனாய்.

நான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், இதை நீ நம்ப வேண்டும். கிளாஸில் மீதி இருந்ததைக் குடித்தேன். பிறகு எழுந்து ஓடினேன்.

ஸ்டேஷன் வாசலில் உன்னைப் பார்த்தேன். இறுக்கமான ஷூ கடித்திருக்க வேண்டும், கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாய். அப்படி ஒரு ஓட்டத்தை நான் கண்டதில்லை. கடற்கரையில் கட்டுமரம் கரையேறும்போது பிள்ளைகள் ஓடுவார்களே, அப்படி. பிளாட்பாரத்தில் ரயில் நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. பெட்டி எண்ணைப் பார்க்க நீ ஒரு நொடி நின்றாய். அந்த நொடியில் நான் உன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

கெஞ்சவில்லை, அழவில்லை. பிடித்தேன், அவ்வளவுதான்.

"விடுட்டி" என்றாய். விடவில்லை. ஷூ இரண்டும் கீழே விழுந்தது. விசில் அடித்தார்கள். நீ கதவைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். என் முகத்தில் என்ன இருந்ததோ. "கை நோவுதுட்டி. விடு, நான் போகல்ல" என்றாய். அப்போதும் ரயில் நின்றுகொண்டுதான் இருந்தது. அப்போதும் நான் விடவில்லை. கடைசிப் பெட்டியும் வெளியே போன பிறகுதான் என் விரல்கள் பிரிந்தன. கீழே கிடந்த உன் ஷூவை நான்தான் எடுத்துக்கொண்டேன், நீ அதை மறுபடி காலில் போடவே இல்லை.

உன்னை நம்பி விட்டிருந்தால் நீ நின்றிருப்பாயா, ஏறியிருப்பாயா? அந்த நாளிலிருந்து ஐந்து வருஷமாக மனசுக்குள் இதைத்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாம் போய்ச் சேர்ந்தபோது மக்ரிப் கழிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பாய் கத்தினார். "நான்தான் வழி தவறிட்டேன்" என்று நீ முந்திக்கொண்டு சொன்னாய். தொழுகைப் பாயை மடக்கச் சொல்லிவிட்டு, ஊர் எப்படி என்று மாமா கேட்டாள். "ஜெய்ன், மாமா, ஜெய்ன்" என்று, நன்றாக இருந்ததாகச் சொல்லி, அவள் முட்டுக்கு மருந்து வைத்துக் கட்டினாய். மறுநாள் உன் மணிக்கட்டில் என் நாலு விரலும் நீலமாகப் பதிந்திருந்தது. பை வார் இறுக்கியது என்று எல்லோரிடமும் சொன்னாய். இத்தாலிக்குப் போன் போட்டு, ஓடி வந்தும் ரயில் போய்விட்டது என்று சொன்னாய். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னாய். என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் ஒரே ஒரு தடவை ஆரம்பித்தபோது, "சவத்த விடுட்டி" என்று எழுந்து போய்விட்டாய்.

எனக்கு ரிலீஸ் கிடைத்தது. அவர் வந்தார். மகன் பிறந்தான். இரண்டாவது வருஷம் ஒரு காலையில், மாமாவுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நீ அந்தப் பட்டையைக் கையில் வைத்தபடியே சாய்ந்துவிட்டாய். தலைக்குள் ரத்தக் கசிவு. எல்லோருக்கும் பிரஷர் பார்த்த உனக்கு யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

லீவில் குளச்சலுக்குப் போனபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ரயிலு மட்டும் தப்பாம இருந்திருந்தா எனக்க மவ இருந்திருப்பா" என்று அழுதாள். அவள் பிடித்திருந்தது இந்தக் கையைத்தான். நான் அவளோடு சேர்ந்து அழுதுவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று வழக்கம்போல் உன் மகளுக்குப் போன் செய்தேன். ஒன்பது வயதாகிவிட்டது, என்னைச் சித்தி என்கிறாள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசாம். பெரிய வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் தோற்கடித்துவிட்டாளாம். மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"சித்தி, எங்கம்மைக்கு ஓடத் தெரியாதோ? ரயில விட்டுட்டான்னு பாட்டி சொல்லுகா."

என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் பற்றி ஊரே என்ன வேண்டுமானாலும் பேசட்டும். உனக்கு ஓடத் தெரியாது என்று உன் பிள்ளை நினைத்துக்கொண்டு வளரக்கூடாது.

"தெரியும் மக்ளே. ஒனக்கம்மைய மாதிரி ஓடுனவள நான் பாத்ததில்ல. நேரத்துக்குப் போய்ட்டா. ரயிலு நின்னுட்டுதான் இருந்து. நான்தான் அவ கையப் புடிச்சு வச்சிட்டேன்."

போன் கார்டில் நிமிஷம் முடிந்து கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்: "அப்பம் அம்மை தோக்கல்லையா?"

"இல்ல மக்ளே. தோக்கல்ல."

"பாட்டீ..." என்று கத்திக்கொண்டு போனைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் காலடிச் சத்தம் கேட்டது. உன் அம்மாவிடம் சொல்லியிருப்பாள். அங்கிருந்து இன்னும் போன் வரவில்லை. வராமலும் போகலாம். அதற்கு நான் தயாராகத்தான் இருக்கிறேன்.

டிசம்பரில் லீவு. சிவப்பு ஷூவைத் துவைத்து ஜன்னலில் காய வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் அவள் காலுக்குச் சரியாகும், அவளிடமே கொடுத்துவிடுகிறேன். கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். உன் மணிக்கட்டில் துடித்த நாடி இந்த உள்ளங்கையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும்.