நீங்கள் கழற்றாத கண்ணாடி

அண்ணன்,

இன்று மத்தியானம் பிள்ளை யதுஷாவுக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்து, வாவி மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். பாதியிலேயே கை நின்றுவிட்டது. குழம்பு வாசம் மூக்கில் ஏற ஏற, உங்கள் மேல் அப்படியொரு கோபம் வந்தது. மண்ணுக்குள் போன மனிதரோடு கோபித்துக்கொள்ளலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, முள்ளுக் குத்திட்டா?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மாங்கேணியில் உங்களுக்கும் இப்படித்தான் முள் எடுத்துத் தந்தேன். உங்கள் மெதடிஸ்ட் கோயில் ஆட்கள் அங்கே பள்ளிக்கூடத்தில் கண் பார்க்கும் முகாம் வைத்தார்கள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க ஓர் அறையை இருட்டாக்க வேண்டும், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துத் தா என்று கேட்டீர்கள். தைத்துத் தந்ததோடு நிற்காமல், கட்டிவிடவும் கூடவே வந்தேன். பிள்ளை அப்போது கைக்குழந்தை, அவளை ஆரையம்பதியில் என் அக்காவிடம் விட்டிருந்தேன். போன கையோடு நீங்கள் கரையில் தோணிக்காரர் பிடித்து வந்த நண்டைப் பார்க்கிறேன் என்று குனிந்தீர்கள். கண்ணாடி தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு பொடியன்கள் முக்குளித்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. "ஐயோ, எனக்கு ஒண்டும் தெரியல்லயே தங்கச்சி" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றீர்கள்.

அன்று முழுக்க உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். "படி இரிக்கு அண்ணன், காலத் தூக்குங்க" என்பேன். நீங்கள் காலால் தடவித் தடவி ஏறுவீர்கள். சாப்பாட்டு நேரம் உங்கள் சோற்றுக் கோப்பையை இழுத்து வைத்து, மீனை உதிர்த்து, ஒரு முள்கூட இல்லாமல் தந்தேன். "தங்கச்சி கையால சாப்பிட்டா முள்ளுப் பயமே இல்ல" என்று இன்னும் ஒரு துண்டு கேட்டீர்கள். அதற்குப் பிறகு பின்னேரம் வரை அத்தனை பேரின் கண்ணையும் பார்த்தீர்கள். கடல் வெயிலில் கண்ணில் சதை வளர்ந்திருந்த மீனவர்களுக்குத் தொப்பி போடச் சொன்னீர்கள். வெண்புரை விழுந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தீர்கள். கண்ணுக்குள் இலைச்சாறு விட்டுக்கொண்டு வந்த ஒரு அம்மாவை நன்றாக ஏசினீர்கள். கண்ணாடி இல்லாமல் எப்படி எல்லாம் தெரிகிறது என்று நான் கேட்டேன். "கிட்ட இரிக்கிறது தெரியும் தங்கச்சி. எட்ட இரிக்கிறதுதான் மங்கல்" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன். கோப்பையில் இருந்த மீன் எட்டவா இருந்தது, அண்ணன்? அதை அன்றைக்கு யோசிக்கத் தோன்றாத என் மூளையை என்ன சொல்ல!

உங்கள் கண்ணாடிக் கடையும் என் தையல் கடையும் ஒட்டி ஒட்டி இருந்ததால், நீங்கள் ஆட்களோடு பேசுவதெல்லாம் மெசின் சத்தத்துக்கு மேலாக எனக்குக் கேட்கும். கண்ணாடி வேண்டாம் என்று அடம்பிடிக்கிற ஆட்கள்தான் அதிகம். ஏறாவூரிலிருந்து வந்த ஒரு ராத்தாவை இப்போதும் நினைத்துச் சிரிப்பேன். "கண்ணாடி போட்டா இரிக்கிற பார்வையும் போயிருமாமே டொக்டர்" என்று அவ பயந்தா. "செருப்புப் போட்டா கால் கெட்டிடுமா ராத்தா?" என்றீர்கள். அதற்கும் அவ அசையவில்லை. உடனே உங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அதே மேசையைத் தடவ ஆரம்பித்தீர்கள். "இஞ்ச, என்ட கண்ணாடி எங்க? ராத்தா, நீங்க எடுத்தீங்களா?" ராத்தா முக்காட்டைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எடுத்து உங்கள் கையில் தந்தா. "எனக்கே இந்தக் கெதி, நீங்க என்னத்துக்கு வெக்கப்படுறீங்க?" என்று சொல்லி முடிக்க முன்பே அவ கண்ணாடிச் சட்டம் தெரிந்தெடுக்கத் தொடங்கிவிட்டா.

கண்ணாடி விற்பதிலேயே குறியாக இருந்தீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். பார்வை ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் மங்கல் என்ற ஒருவரை, முதலில் சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதித்துக்கொண்டு வாருங்கள் என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பினீர்கள். அவர் எங்கள் வாசலில் நின்று உங்களைத் திட்டிவிட்டுப் போனார். சோதித்ததில் சீனி கூடித்தான் இருந்ததாம், பிறகு பப்பாசிப்பழத்தோடு வந்தார். அந்தப் பழத்தில் பாதியை நான்தான் தின்றேன்.

என் பிள்ளையின் கண்ணைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். அவளுடைய அப்பா கட்டாரில், நான் மெசினோடு, அவள் பாதி நேரம் உங்கள் கடையில். ஒரு நாள் விளையாட்டுப்போல அவளுடைய வலது கண்ணைப் பொத்தினீர்கள். அவள் பேசாமல் ரொபி தின்றுகொண்டிருந்தாள். இடது கண்ணைப் பொத்தினீர்கள். உங்கள் கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள். மறுபடி பொத்தினீர்கள், மறுபடி கத்தினாள். நான் ஓடி வந்து, "பிள்ளைய ஏன் அழவைக்கிறீங்க?" என்று உங்களோடு சண்டைக்கு நின்றேன். உங்கள் முகம் மாறியிருந்தது. "தங்கச்சி, இவள் ஒரு கண்ணாலதான் பாக்கிறாள். மற்றது நித்திரை. இந்த வயசில எழுப்பினாத்தான் எழும்பும். நாள் போகப் போக அந்தக் கண் பாக்கிறதையே மறந்திரும். மறுகா ஒருத்தராலயும் எழுப்ப ஏலா" என்றீர்கள்.

ஆஸ்பத்திரிக் கண் டொக்டரும் அதையேதான் சொன்னார். கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணை நாளும் சில மணித்தியாலம் பிளாஸ்டர் ஒட்டி மூட வேண்டும். சொல்வது சுகம். நல்ல கண்ணை மூடினால் பிள்ளைக்கு உலகமே புகை. பிளாஸ்டரைப் பிய்த்தாள், கண்ணாடியைக் கிணற்றடியில் எறிந்தாள், என்னைக் கடித்தாள். ஆண் பிள்ளையென்றால் பரவாயில்லை, பெட்டைப் பிள்ளைக்குக் கண்ணாடி என்னத்துக்கு என்று அயலிலும் ஒரு கதை. எனக்கும் மனது விட்டுப்போனது. உங்களிடம் வந்து அழுதேன்.

நீங்கள் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தீர்கள். "இஞ்ச பார் கிளி, நமக்குள்ள ஒரு கதை. நீ போட்டிரிக்கிற வரைக்கும் நானும் போட்டிரிப்பன். நீ கழட்டினா நானும் கழட்டிடுவன். மறுகா எனக்கு ஆரையும் தெரியாது. தெருவில விழுந்திருவன். பாவமில்லையா நான்?" அவள் உங்கள் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க கழட்டினா?" என்று கேட்டாள். "அப்ப நீயும் கழட்டலாம்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எனக்குச் சண்டையில்லை. வீட்டில் கள்ளமாகக் கழற்றுவாள், உடனே பயந்து, "இப்ப மாமா விழுந்திருப்பாரா?" என்று கேட்டு மாட்டிக்கொள்வாள். காலையில் கடைக்கு வந்ததும் முதல் வேலை உங்கள் மூக்கைப் பார்ப்பதுதான். அந்தப் பக்கம் ஒழுங்கு, இந்தப் பக்கமும் ஒழுங்கு.

பிறகு ஒரு காலை, கடை திறக்க முன்பே, நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டீர்கள்.

உங்கள் கல்லடி வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், எனக்கு அப்போது ஒன்றும் ஓடவில்லை. மண்டபத்தில் கோட் சூட்டோடு படுத்திருந்தீர்கள். பூக்களுக்கு நடுவில் உங்கள் முகம் வேறு யாரோ போல வெறுமையாக இருந்தது. ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளைக்குப் பிடிபட்டது. "மாமா கழட்டிட்டார்" என்றாள். சொன்ன வாய் மூடவில்லை, தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தாள். பிளாஸ்டரையும் பிய்த்தெடுத்தாள்.

"மாமா நித்திரையம்மா" என்றேன். "கழட்டிட்டார்தானே. எனக்கும் கழட்டலாம்" என்றாள். அன்றைக்குப் போடவில்லை. அடுத்த நாள் காலையும் போடவில்லை. அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கதை என்றால் கதை, பேசின பேச்சுப்படி அவளிடம் தவறில்லை. ஆனால் நீங்கள் மண்ணுக்குள் போன பிறகு அவளை யார் போட வைப்பது? அந்தக் கண் மறந்துவிட்டால்?

பெட்டி எடுக்க முன்பே, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நேரே உங்கள் மனைவியிடம் போனேன். "மச்சாள், கோபிக்காதீங்க, அண்ணனுக்குக் கண்ணாடியப் போட்டு விடுவமா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமில்லை, உங்கள் பக்கத்தில் உண்டா என்றும் எனக்குத் தெரியாது. மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதா. "ஓம் கா, எனக்கு அந்த யோசனையே வரல்ல. கண்ணாடி இல்லாம அந்த மனிசன் எங்கயெண்டு போவார்?" என்று சொல்லி அறைக்குள் போய் எடுத்து வந்தா.

தூசியாக இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். துடைத்ததைச் சும்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உங்கள் கடையில் வந்திறங்கும் கண்ணாடிகளைப் பிரித்து வைக்க உதவும்போது நீங்களே காட்டித் தந்ததுதான்: கண்ணாடிக்கூடாக ஒரு கோட்டைப் பார், ஆட்டு, கோடு ஆடினால் பவர் இருக்கிறது. மலர்வளையத்தில் ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்து ஆட்டினேன். எழுத்து அசையவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்து ஆட்டினேன். அசையவில்லை. மற்றப் பக்கத்தையும் பார்த்தேன். பிறகு யாரும் காணாமல் என் கண்ணிலேயே போட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தபடியே இருந்தது. வெறும் கண்ணாடி, அண்ணன். ஜன்னல் கண்ணாடி!

செத்த வீட்டில் நின்று ஒருவருக்கு அழுகையும் ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வருமா? எனக்கு வந்தது. பக்கத்தில் ஏறாவூர் ராத்தா, கண்ணாடிக்குள்ளால் கண்ணீர் வடிய, "பாவம், தனக்குக் கண் தெரியாட்டியும் ஊருக்கெல்லாம் கண் பாத்த மனிசன்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தா. உங்கள் தலையைக் கொஞ்சம் தூக்கி, குளிர்ந்து கிடந்த காதுகளில் கண்ணாடியை மாட்டினேன். மூக்கில் நேராக வைத்தேன். பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். அவள் அந்தப் பக்கமும் பார்த்தாள், இந்தப் பக்கமும் பார்த்தாள். "என்டதத் தாங்க" என்று கையை நீட்டினாள்.

பெட்டியை மூட முன், பெட்டி கொண்டு வந்த மலர்ச்சாலைக்காரர் வந்து, கண்ணாடியைக் கழற்றி வீட்டாரிடம் கொடுக்கவா என்று கேட்டார். "வேணாம், அது அவரோடயே போகட்டும்" என்று நான்தான் முந்திச் சொன்னேன். மச்சாளும் தலையாட்டினா. இப்போது சில நேரம், அழுத கண்ணோடு பார்த்ததில் பிழையாகப் பார்த்துவிட்டேனோ என்று இருக்கிறது. திரும்பப் பார்க்க வழியில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து மச்சாளைப் பார்க்கப் போனேன். சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. "கலியாணம் முடிச்ச நாள் தொட்டு இந்தச் சுளகுப் பக்கம் வந்ததில்ல கா. கண் தெரியாதெண்டுருவார். கீரை ஆயவும் ஏலா, ஊசி கோக்கவும் ஏலா. நானும் பாவமெண்டு விட்டிடுவன்" என்று மூக்கைச் சிந்தினா. எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. ஊருக்கு நல்லது செய்யத்தான் அந்த வேசம் என்று மனதை ஒருவாறு தேற்றி வைத்திருந்தேன். அப்படியென்றால் அரிசி என்ன கணக்கு? என் மீன் என்ன கணக்கு? பெரிய மனிதரா நீங்கள், இல்லை பெரிய கள்ளனா? பொய்யை விட்டால் எல்லாரும் கண்ணாடியை விட்டுவிடுவார்கள் என்று பயந்து வீட்டிலும் அதையே பிடித்துக்கொண்டிருந்தீர்களா? அல்லது ஒருவர் கையைப் பிடித்து நடத்துவதும், முள் எடுத்துத் தருவதும் உங்களுக்குப் பிடித்திருந்ததா? அப்படியென்று சொல்லியிருந்தால் சும்மாவே எடுத்துத் தந்திருப்பேனே, அண்ணன்.

இதை நான் யாரிடம் கேட்பேன்? மச்சாளிடம் சொன்னால் அவவுடைய இத்தனை வருச இரக்கமும் நாசம். ராத்தாவிடம் சொன்னால் ஏறாவூரில் பாதிப் பேர் கண்ணாடியைக் கழற்றி அலுமாரியில் வைப்பார்கள். பிள்ளை ஒரு நாள் பெரியவளாகி, மாமாவுக்கு எத்தனை பவர் என்று கேட்பாள். அன்றைக்கு என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து யோசித்து, தைக்கிற சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிடுகிறேன். இந்தக் குழப்பத்தை உங்கள் தலையில் கட்டியிருக்க வேண்டும், நீங்கள் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

உங்கள் கடையை இப்போது ஓர் இளம் பெண் நடத்துகிறா. பொறுமையான பிள்ளை. போன கிழமை யதுஷாவின் நல்ல கண்ணைப் பொத்திவிட்டு, எழுத்துப் பலகையைக் காட்டினா. அவள் கத்தவில்லை. மேலிருந்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்துகொண்டே இருந்தாள். நானும் அவளோடு வரிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். பலகை முடிந்ததும், பொத்திய கண்ணோடு அப்படியே என் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்கட மூக்கில மச்சம் இரிக்கே, அது இந்தக் கண்ணுக்கும் தெரியுது" என்றாள். அந்த மச்சம் கடுகளவுதான் இருக்கும். என்னைச் சந்தோசப்படுத்தச் சொல்கிறாளோ என்று சந்தேகம் வந்துவிட்டது, உங்களோடு பழகிய பிள்ளையல்லவா. அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் கையாலேயே நல்ல கண்ணை இறுக்கப் பொத்தி, என் விரலைக் காட்டினேன், ஊசியில் கோர்த்த நூலைக் காட்டினேன், தெருவில் போகிற சைக்கிளைக் காட்டினேன். எல்லாம் சரியாகச் சொன்னாள். இது பொய்யில்லை, அண்ணன். நான் பார்த்துவிட்டேன்.