வெள்ளிக்கிழமை விட்ட மருந்து

என்னை முதுகில் சுமந்து வளர்த்த அண்ணே,

அங்கே சௌக்கியமா என்று கேட்கமாட்டேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உங்க மகனுடைய ரயில்வே குவார்ட்டர்ஸில் இப்போது நான்தான் காவல் கிடக்கிறேன். அண்ணி விழுந்துவிட்டார் என்று தகவல் வந்ததும் கிள்ளானிலிருந்து ரயிலேறினேன். எனக்காக அந்த ரயில் காத்து நின்றது என்றால் உங்க மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அலுத்துப்போச்சு அண்ணே, அவனோடு மல்லுக்கட்டக்கூடத் தெம்பில்லை.

மலேரியாக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் அண்ணிக்குக் கொயினாத் தண்ணி கொடுத்திருக்கிறார்கள். வேளைக்கு எவ்வளவு என்று பாட்டில்மேலேயே காகிதம் வெட்டி ஒட்டியிருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை விரதம், மருந்தும் வாயில் படக்கூடாதாம். சனிக்கிழமை விடிந்ததும், விட்ட வேளைகளையும் சேர்த்து ஒரே மூச்சில் குடித்திருக்கிறார். காதுக்குள் வண்டு இரைய, தலை சுற்றி, குளிக்கிற இடத்துச் சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டார். இடுப்பு தப்பியது. இன்னொரு தடவை தப்புமா?

ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிற டிரஸ்ஸரிடம் போய் இங்கிலீஷில் விளாசினேன். ஆள் மிரண்டுபோய்த் தமிழில் பதில் சொன்னார்.

"விட்டது விட்டதுதான் ஐயா. சேர்த்துக் குடிச்சா தலை சுத்தும். இந்த வயசில் எலும்பு முறிஞ்சா எழுந்திருக்கிறது கஷ்டம். படுக்கையிலிருந்து சட்டுன்னு எழவும் விடாதீங்க."

அதை வீட்டில் வந்து சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

"போங்க தம்பி. வெறுங்கையால புலி பிடிச்ச ஆளு சொல்றதை நான் நம்பணுமாக்கும்!"

"புலியை விடுங்க அண்ணி. ஏன் இப்படிச் சேர்த்துக் குடிக்கிறீங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க அண்ணன் அசந்து தூங்குறாரேன்னு ஒரு வேளை மருந்துக்கு எழுப்பாம விட்டேன். அன்னிக்கே போயிட்டாரு. அப்புறமாவது சேர்த்துக் குடுத்திருந்தா இருந்திருப்பாரோ என்னவோ."

அண்ணே, இத்தனை வருஷமாக இதைச் சுமந்துகொண்டா நடமாடினார்? ஒரு வேளை மருந்தா உங்களைக் கொண்டுபோனது? நீங்களே சொல்லுங்களேன்.

நீங்க சொல்லமாட்டீங்க. அதனால் நானே சொன்னேன்.

"அன்னிக்கு அண்ணன் முழிச்சுத்தான் இருந்தாரு. நீங்க வர்றது தெரிஞ்சு கண்ணை மூடிக்கிட்டாரு. 'இந்தக் கசப்பு போதும்டா, கொஞ்சம் நிம்மதியாப் படுத்துக்கிறேன்'னு பக்கத்துல இருந்த எங்கிட்ட சொன்னாரு அண்ணி."

நான் விட்டதிலேயே பெரிய புளுகு இதுதான். ஆனால் அண்ணி சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "கள்ளத்தனம் பண்ணியிருக்காரே மனுசன்!" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு வேளை மருந்துதான் குடித்தார். படுக்கை ஓரத்தில் சற்று உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெள்ள எழுந்தார்.

அண்ணிக்கு எழுத்து தெரியாது. அவருக்கு இதை வாசித்துக் காட்டுகிறவர் யாரானாலும், புளுகு என்று நான் ஒப்புக்கொண்ட இடங்களை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள், புண்ணியமாகப் போகும். அண்ணே, நீங்களும் அவர் கனவுக்குப் போனால் "ஆமாம், தம்பி சொன்னது நிஜம்தான்" என்று சொல்லிவிடுங்க.

என் காலும் தளர்ந்துபோச்சு. ஆனாலும் அண்ணியை விழவிடமாட்டேன்.

உங்க பேரில் புளுகிய,
உங்க கடைசித் தம்பி