வேண்டுமென்றே விட்ட மூன்று பிழைகள்

மார்ச் 3, திங்கள்
இன்றும் போன். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. பரிசோதனைக் கூடங்களுக்கு நாங்கள் விற்கும் மென்பொருளின் கையேட்டில் ஒரு படம் பழசாகிவிட்டதாம். ஒரே ஒரு படம்! ஆனால் அந்தக் கையேட்டைத் திருத்தத் தெரிந்தவன் ஆபீசிலேயே நான் ஒருவன்தான். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மே மாதம் எங்கள் கல்யாண நாளுக்குக் கடற்கரையில் பத்து நாள் அறை எடுத்திருக்கிறோம். போன தடவை ஐந்து நாளில் நான்கு நாள் நான் அறைக்குள் உட்கார்ந்து கையேடு திருத்தினேன். இவள் தனியாக நடந்துவிட்டு வந்தாள்.

"இந்தத் தடவையும் போன் வந்தா நான் என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஆபீசோடயே குடும்பம் நடத்துங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 5
எல்லாரும் திருத்துகிற மாதிரி வேறு ஒரு கருவி வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. ஏப்ரலுக்குள்ள." வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
கருவிகளை மூன்றாக வடிகட்டியாயிற்று.

ஒன்று, கையேட்டையும் மென்பொருளின் நிரலோடு சேர்த்துச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக வைப்பது. கறுப்புத் திரையில் நாலு கட்டளை தட்டினால் பக்கம் தயார். என் செல்லம் இதுதான். இரண்டாவது பளபளவென்று இருக்கிறது, எங்கு தொட்டாலும் ஒரு மெனு விழுகிறது. மூன்றாவது, விக்கிப்பீடியா மாதிரி, ஆனால் சப்பையான ஒரு விக்கி. பக்கத்தின் மேலே "திருத்து" என்று ஒரு பட்டன், அவ்வளவுதான். எழுத்துருகூட அசிங்கம்.

மார்ச் 10
செல்லத்தின் அருமை பெருமைகளை இவளிடம் அரை மணி நேரம் சொன்னேன். "திருத்தப்போறது நீங்களா, அவங்களா?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 12
யோசனை வந்துவிட்டது! ஒவ்வொரு கருவியிலும் பழைய கையேட்டிலிருந்து ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டுமென்றே மூன்று பிழை — நீலப் பட்டனைப் பச்சை என்பது, இடப்பக்க மெனுவை வலப்பக்கம் என்பது, இப்படி. வாடிக்கையாளர் கண்ணில் படாது, ஆபீசுக்குள் மட்டும். "தப்பு தெரிஞ்சா நீங்களே சரி பண்ணிடுங்க" என்று எல்லாருக்கும் எழுதினேன். யார் எதில் திருத்துகிறார்கள், பார்ப்போம்.

மார்ச் 19
பளபளப்பில் ஒன்றுமில்லை. விக்கியிலும் இல்லை. செல்லத்தில் ஒன்று! மின்னல் என்று நாங்கள் கூப்பிடும் டெவலப்பர் பெண் திருத்தியிருக்கிறாள். சொன்னேன் இல்லையா? மனசுக்குள் குத்தாட்டம்.

மார்ச் 26
விக்கியில் ஏழு திருத்தம். ஏழா? நான் விட்டது மூன்றுதானே!

உட்கார்ந்து பார்த்தேன். மற்ற நான்கும் நானே அறியாமல் செய்த நிஜத் தவறுகள். ஆறு வருஷமாக அப்படியே கிடந்திருக்கின்றன. ஐயோ, மானம் போச்சு.

திருத்தியது, வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் அக்கா. ஓடிப்போய்க் கேட்டேன்.

"தப்பா இருந்துச்சு, மாத்தினேன் தம்பி. இத்தன வருஷம் ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிட்டு இருந்தேன். அப்பல்லாம் நாமளே மாத்தலாம்னு யாரு சொன்னா?"

என் செல்லத்தைத் திறந்து காட்டினேன். கறுப்புத் திரையைப் பார்த்ததும் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மார்ச் 28
இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. அக்காவுக்குக் கட்டளைகளைக் கற்றுத்தரலாமே என்றுகூட நினைத்தேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது — யாருக்காகத் தேடுகிறேன், எனக்கா? "விக்கி" என்று மேனேஜருக்கு எழுதிவிட்டேன். வருத்தம்தான். ஆனாலும் ஏனோ விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 22
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் விக்கிக்கு மாறியாயிற்று. எழுத்துரு இன்னும் அசிங்கம்தான்.

மே 16, வெள்ளி
கடற்கரை. நான்காம் நாள். கல்யாண நாள்.

காலையில் இருவரும் நடக்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆபீஸ் நம்பர். இவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். எடுத்தேன். அக்கா.

"தம்பி, வீட்டம்மாகிட்ட குடுங்க."

"என்னக்கா, எந்தப் பக்கம்?"

"பக்கமெல்லாம் நாங்க பாத்துக்கறோம். கல்யாண நாள் வாழ்த்து சொல்லணும். உங்ககிட்ட கேக்க ஒண்ணுமில்ல."

போனை இவளிடம் நீட்டினேன். இருபது நிமிஷம் பேசினார்கள், என் எதிரிலேயே, என்னைப் பற்றி. நான் வாசலில் நின்று காத்திருந்தேன்.