மிளகு வியாபாரி கப்பல் ஏறினான்

கொட்டாஞ்சேனை
10 ஓகஸ்ட் 2025

அன்புள்ள சுதர்சினிக்கு,

இங்கே நானும் கடையும் சுகம். மேல்மாடிக் கூரைக்குத்தான் சுகமில்லை. சரியாக உன் எழுதும் மேசைக்கு மேலே ஒழுகுகிறது. மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தி, உன் புத்தகங்களுக்குப் பொலித்தீன் போர்த்தி வைத்திருக்கிறேன். அங்கே உனக்குக் குளிர் எப்படி? முழங்கை வலி குறைந்ததா?

நேற்றுத்தானே போனில் கதைத்தோம், இப்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் "சாப்பிட்டியா" என்பேன். நீ "சாப்பிட்டேன், நீங்க?" என்பாய். நான் "கடையில சனம்" என்பதற்குள் உன் பஸ் வந்துவிடும். மூன்று வருடமாக நாம் சோற்றைப் பற்றியும் கறியைப் பற்றியும்தான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். யாராவது ஒட்டுக்கேட்டால், கணவனும் மனைவியும் இரண்டு நாட்டில் ஹோட்டல் நடத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மூன்றாம் மாதப் படையல் வைத்தேன். நீ சொன்னபடி பாற்சோறும் வைத்தேன். அடி பிடித்துவிட்டது. இருந்திருந்தால் அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே சாப்பிட்டிருப்பார்.

அவரைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கும்வரை சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு அவரால் பத்திரிகையைப் பிடிக்க முடியவில்லை, நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒருநாள் பத்திரிகை வரவில்லை. உன் முதல் நாவலை எடுத்துப்போனேன். "அந்தப் பொண்ணு எழுதினதா? வேண்டாம்" என்றார். இது ஒரு மிளகு வியாபாரியின் கதை என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மிளகுன்னா வாசி" என்றார்.

உன் நான்கு நாவல்களையும் அவருக்கு வாசித்தேன், சுதா. ஒவ்வொரு பக்கத்திலும் குறை சொன்னார். "ஒல்லாந்தர் காலத்துல கறுவாப்பட்டையைத் தனி ஆள் விக்க முடியாது, எல்லாம் கம்பெனிக்குத்தான். இவளுக்கு யார் சொன்னா?" என்று கோபித்தார். ஆனால் உன் மந்திரக்காரி மாதுளை மழையை நிறுத்த மந்திரம் போட்டு, மழை நிற்காமல், ஒல்லாந்தக் கப்டனின் பொய்முடி காகமாகிப் பறந்துபோகிற இடத்தில், அவருக்கு அசையக்கூடிய அந்த அரை வாயால் சிரித்தார். தேத்தண்ணீர் எல்லாம் சட்டையில். கையசைத்துத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு ஒருநாள், கால் கை பிடித்துவிட வரும் ஆளிடம் புத்தகத்தைக் கண்ணால் காட்டி, "என் மருமக எழுதினது" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். நமது கலியாணத்துக்கு வராத மனுஷன், தேயிலைத் தோட்டத்துப் பெண் என்று பத்து வருடம் உன் பெயரையே சொல்லாதவர், அப்படிச் சொன்னார். நீ மரண வீட்டுக்கு வர லீவு கிடைக்காமல் அழுதபோது போனில் சொல்ல வாய் வந்தது. சத்தியம் தடுத்தது என்று இல்லை, சொன்னால் நீ இன்னும் அழுவாய் என்று விட்டுவிட்டேன்.

இனி வெள்ளவத்தைச் செய்தி. உன் பதிப்பாளர் மர்லியா கடைக்கே வந்துவிட்டா. தொடராக வந்த ஐந்தாம் நாவல் புத்தகமாக அச்சுக்குத் தயாராம், கடைசி அத்தியாயம் மட்டும் இல்லையாம். நீ அயர்லாந்து போன நாளிலிருந்து ஒரு வரியும் அனுப்பவில்லையாம். மாதுளையைக் கவர்னரின் மனைவி தன் வைத்தியத்துக்காகக் கப்பலேற்றி ஜாவாவுக்குக் கொண்டு போகிறாள், மிளகு வியாபாரி குழந்தைவேலன் கொழும்புக் கரையில் தராசும் கையுமாக நிற்கிறான். மூன்று வருடமாக அவன் அங்கேயே நிற்கிறான், வாசகர்கள் என்னைத் திட்டுகிறார்கள் என்றா. வேறு யாரையாவது வைத்து முடித்துவிடலாமா என்று மெல்லக் கேட்டா. எனக்கு வந்த கோபத்தில், "அவங்க ரெண்டு பேரையும் வேற யாருக்கும் தெரியாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மிளகு வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சரி, அப்படியென்றால் இருபத்துமூன்றாம் திகதி வாசகர் கூட்டத்துக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்க என்றா. ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று இன்னும் தெரியவில்லை. மேடையில் நான் கடைசியாகப் பேசியது பள்ளிக்கூடத்தில், அதுவும் பாதியில் அழுதுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. பார்த்தாயா, திரும்பவும் சாப்பாட்டிலேயே வந்து நிற்கிறேன்.

உன்,
தண்டாயுதபாணி


கொட்டாஞ்சேனை
24 ஓகஸ்ட் 2025

என் சுதாவுக்கு,

கூட்டம் முடிந்தது. உயிரோடு இருக்கிறேன். மற்றதைக் கேள்.

நீ வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனேன். மர்லியாவின் புத்தகக் கடை மேல்மாடியில் சனம் நிறைந்துவிட்டது. கதிரை போதாமல் புத்தகக் கட்டுகளின் மேல் இருந்தார்கள். கல்கிசையிலிருந்து ரயில் கோச்சியில் வந்த ஒரு குடும்பமே இருந்தது. எல்லோரும் என் பின்னால் யாரோ வருகிறார்கள் என்பதுபோல வாசலைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. எழுத்தாளரின் கணவர் இவர்தான் என்று மர்லியா சொன்னதும் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. மயிலம்மா என்று பெயர், ஹெவ்லொக் டவுனில் ஆசிரியையாக இருந்தவ. "அப்ப நீங்களோ குழந்தைவேலன்? நான் கொஞ்சம் உயரமா நினைச்சனான்" என்றா. சபை சிரித்தது. நானும் சிரித்தேன். எழுதியவளும் உயரமாகத்தான் நினைத்திருப்பாள், கலியாணத்துக்குப் பிறகுதான் அளந்து பார்த்தாள் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மர்லியா ஒரு பகுதியை வாசித்தா. மாதுளை முதன்முதலாகக் குழந்தைவேலனின் கடைக்கு வந்து, ஒரு யானையை மறைத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டுகிற இடம். மந்திரம் வழக்கம்போல அரை முழம் தள்ளி விழுந்து, யானை அங்கேயே நிற்க, பாகனின் வேட்டி மறைந்துபோகிறதே, அதுதான். மந்திரம் பக்கத்தில் வந்தாலே குழந்தைவேலனுக்குத் தும்மல் வருமல்லவா? அந்த வரியை அவ வாசிக்கவும், பழைய புத்தகத் தூசி என் மூக்கில் ஏறவும் சரியாக இருந்தது. தும்மினேன். ஒன்றல்ல, அடுக்கடுக்காக. சபை எழுந்து நின்று கைதட்டியது. நான் வேண்டுமென்றே செய்தேன் என்றே மயிலம்மா நம்புகிறா. அந்தச் சத்தத்தில் நான் உன்னைத் தேடினேன், சுதா. மூன்றாம் வரிசையில், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க நீ சிரிப்பாயே. அந்த இடத்தில் யாரோ ஒரு பையன் இருந்தான்.

பிறகு கேள்விகள். கடைசியாக ஒரு இளம்பெண் எழுந்தாள். விஷ்ணுப்பிரியா என்று பெயர் சொன்னாள். கொள்ளுப்பிட்டியில் ஏதோ ஒபிஸில் வேலை, கணவர் கட்டாரில். "மாதுளை திரும்பி வருவாளா, அங்கிள்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை.

தெரியாது, எழுத்தாளரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு. "அவ வரமாட்டா. இவன் போவான்" என்றேன்.

அதெப்படி, அவனுக்குத்தான் தண்ணீர் என்றால் பயமாயிற்றே, குளத்தைக் கண்டாலே தலை சுற்றுமே என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பயம்தான் என்றேன். தராசைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, கண்ணைக் கட்டச் சொல்லி, அரிசி மூட்டையோடு மூட்டையாகக் கப்பலில் ஏறுவான் என்றேன். இவ்வளவு காலம் ஏன் ஏறவில்லை என்று ஒருவர் கேட்டார். வீட்டில் வயதான தகப்பன் இருந்தார், விட்டுவிட்டுப் போக முடியவில்லை, இப்போது அவர் இல்லை என்றேன். நாவலில் குழந்தைவேலனுக்குத் தகப்பனே கிடையாது என்பது அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது. நாவலைக் கரைத்துக் குடித்த அந்தச் சபையில் ஒருவர்கூட அதைத் திருத்தவில்லை.

மயிலம்மா மட்டும் மெதுவாக, "அவள் அவனை வரச்சொல்லிக் கூப்பிட்டவளோ?" என்று கேட்டா.

நான் மர்லியா பக்கம் திரும்பினேன். மர்லியா நல்லவ. தேத்தண்ணீர் ஆறுகிறது, வடையும் இருக்கிறது என்று எல்லோரையும் எழுப்பிவிட்டா.

அதன் பிறகு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போய்ப் பாறையில் இருந்தேன். நீ வேலை முடிந்து வருகிற நாட்களில் நாம் கடலை கொறித்துக்கொண்டு இருந்த இடம். நீ புது அத்தியாயத்தைச் சொல்வாய், நான் "பிறகு?" என்பேன். அதைத் தவிர வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. நேற்று அங்கே இருந்து யோசித்தேன். அப்பா போன பிறகு வாங்க என்று நீயும் கேட்கவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. நீ அங்கே தனியாக இருந்து பழகிவிட்டாய், உனக்கென்று ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதற்குள் தும்மிக்கொண்டு நான் வந்து நிற்பது உனக்குச் சுமையாக இருக்குமோ என்று ஒரு பயம். கடலுக்குப் பயப்படுவதைவிட அது பெரிய பயம்.

கடையைப் பார்த்துக்கொள்ளச் சண்முகம் சம்மதித்துவிட்டான். தம்பிக்கு என்னைவிட வியாபாரம் தெரியும், அதை அவனே சொன்னான். கடவுச்சீட்டுக்கும் படம் பிடித்தாயிற்று. சிரிக்க வேண்டாம் என்று படக்காரர் சொன்னார். சிரிக்கிற மாதிரியும் இல்லை.

இவ்வளவையும் உன்னைக் கேட்காமல் செய்திருக்கிறேன். கோபமென்றால் சொல், நிறுத்திவிடுகிறேன். உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுது. அவள் திரும்பி வந்தாலும் சரி, இவன் போய்ச் சேர்ந்தாலும் சரி, அது உன் இஷ்டம். ஆளுக்கொரு கரையில் மட்டும் விட்டுவிடாதே.

உன் பதிலுக்காக இருக்கும்,
தண்டாயுதபாணி


கோர்க், அயர்லாந்து
14 செப்டெம்பர் 2025

அன்புள்ள அவருக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. வேலைக்குப் போகும் அவசரத்தில் பிந்தியதை முதலில் உடைத்துவிட்டேன். தும்மிய இடத்தில் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் தானும் சிரித்தார், என்னவென்று தெரியாமலே. அதற்குப் பிறகு வாசித்ததில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மாமா சொன்னதை அறைக்கு வந்துதான் வாசித்தேன். அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. கறுவா விஷயத்தில் அவர் சொன்னது சரிதான், அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன். என் பிழையை அவரே வாயால் என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் எதிர்த்துக் கதைத்திருப்பேன். வீடே இரண்டுபட்டிருக்கும். அதற்குக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

நான் ஏன் கேட்கவில்லை என்று சொல்கிறேன். மாமா கண் மூடிய கையோடு "இனி வாங்க" என்று சொன்னால், அவர் போவதற்காகவே இவள் காத்திருந்தாள் என்று ஆகிவிடாதா? ஊர் சொல்லும் என்று நான் பயப்படவில்லை. உங்கள் மனசு ஒருநாள் அப்படி நினைத்துவிட்டால் என்று பயந்தேன். அதனால்தான் ஒவ்வொரு நாளும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டேன். நான் கேட்க வேண்டியது எல்லாம் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

தனியாக இருந்து பழகிவிட்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நான் பார்த்துக்கொள்கிற முதியவர்களுக்கு என் நாவல் கதைகளை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். நல்லவர்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். ஆனால் யாரும் "பிறகு?" என்று கேட்கவில்லை. அறைக்கு வந்து பேனையை எடுத்தால், பிறகு என்ன என்று எனக்கே தெரியவில்லை. மூன்று வருடமாக எழுதாததற்கு வேலைக் களைப்பு என்று மர்லியாவிடம் பொய் சொன்னேன்.

முந்தாநாள் எழுதத் தொடங்கிவிட்டேன். குழந்தைவேலன் கப்பலில் இருக்கிறான். ஏறிய நேரத்திலிருந்து வாந்தி. மூட்டை தூக்குகிறவர்கள் அவனை எலுமிச்சம்பழத்தோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஜாவாவில் மாதுளை, எதிர்க்காற்று வீசக்கூடாது என்று மந்திரம் போடுகிறாள், அது அரை முழம் தள்ளி விழுந்து எல்லாக் கப்பலும் பின்னோக்கிப் போகின்றன. எப்படியும் அவனைக் கரை சேர்த்துவிடுவேன், கவலைப்பட வேண்டாம் என்று மயிலம்மாவிடம் சொல்லுங்கள். உயரத்தை மாற்றுவதாக இல்லை என்றும் சொல்லுங்கள்.

கடவுச்சீட்டு வந்ததும் எனக்குச் சொல்லுங்கள், இங்கே செய்ய வேண்டியதை நான் செய்கிறேன். என் புத்தகங்களை இழுத்துக்கொண்டு வர வேண்டாம், மர்லியாவிடம் கொடுங்கள். கம்பளிச் சட்டை இங்கே வாங்கலாம், அங்கே வாங்கினால் ஏமாற்றிவிடுவார்கள். கொஞ்சம் மிளகு மட்டும் கொண்டு வாருங்கள், இங்கே கிடைப்பதில் காரமே இல்லை. கதிரேசன் கோயிலில் ஒரு அர்ச்சனை வையுங்கள், மாமா பெயருக்கும் சேர்த்து.

இந்த அறையில் ஒரு தலையணைதான் இருந்தது. நேற்று வேலை முடிந்து வரும்போது கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்துவிட்டேன். உறையும் போட்டாயிற்று.

வாங்க.

உங்கள்,
சுதர்சினி