கண்ணாடிக்குப் போட்ட கையெழுத்து

புதன்கிழமை, இரவு

கல்லூரி ஆராய்ச்சிக்காக வந்த அக்கா இன்று வகுப்பில், பாடத்தைக் கண்முன் முப்பரிமாணப் படமாகக் காட்டும் ஒரு கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டார். அதன் வழியே பார்த்தால், வெறும் மேசை மேல் ஓர் இதயம் துடித்தது. கழற்றியதும், என் கண் போன இடங்களை லேப்டாப்பில் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டினார். பாதிப் புள்ளிகள் கதவில் இருந்தன.

"என்னம்மா, கதவையே பாத்துட்டு இருந்த? யார் வருவாங்கன்னு?" என்று சிரித்தார்.

அப்பா வந்துவிடுவாரோ என்றுதான். அனுமதிப் படிவத்தில் அவர் கையெழுத்தை நானே போட்டேன். அவர் வேண்டாம் என்றிருந்தார். ஒரகடம் தொழிற்சாலையில் அவர் வேலை செய்யும் லைனிலும் இப்படி ஒன்றை மாட்டினார்களாம்.

"வேல கத்துத் தரோம்னுதான் குடுத்தானுங்க. அப்பால யாரு எங்க பாத்தான்னு சூப்பர்வைசர் படிச்சிக் காட்றான். உனுக்கு வேணாம் பாப்பா."

புள்ளிகளை யாருக்குக் காட்டுவீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். ஆராய்ச்சிக்கு மட்டும்தான், பெயர்கூட இருக்காது என்றார். ஆனால் கிளம்பும்போது படிவத்திலிருந்து அப்பாவின் போன் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"நாளைக்கு எல்லா அப்பா அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை பேசணும்."

பெயரே வேண்டாதவருக்கு எண் எதற்கு? கையெழுத்தைச் சந்தேகப்பட்டுவிட்டாரா?

அப்பா ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார். சாப்பிடுகிறார். "இன்னும் தூங்கலயா பாப்பா?" என்கிறார். நாளை அந்த அக்கா வாயால் அவர் இதைக் கேட்கக் கூடாது. எழுந்து போகிறேன்.